லெட்னிட்சே: ஐந்து குளங்களும் ஒரு பொய்க்கோட்டையும்

செக் மொழியில் "லெட்னிட்சே" என்றால் இரண்டு பொருள். ஒன்று, சமையலறையில் நிற்கும் ஃபிரிட்ஜ். இன்னொன்று, நாட்டின் தென்கோடியில், ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கத்தில், டியே ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு கிராமம். ஜெர்மன்காரர்கள் இதே ஊரை ஐஸ்கிரூப், அதாவது "பனிக்கட்டிக் குழி" என்றார்கள். 1222ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில்தான் ஊர்ப்பெயர் முதன்முதலாக எழுத்தில் வருகிறது. செக் நாட்டிலேயே வெயில் அதிகம் அடிக்கும் பகுதி இது, சுற்றிலும் திராட்சைத் தோட்டம். அங்கே போய் இப்படி ஒரு பெயர்.

மக்கள்தொகை 2,000-க்குச் சற்று மேல். அந்தச் சின்ன ஊரில் நியோகோதிக் பாணியில், அதாவது இடைக்காலக் கோதிக் கட்டடங்களைப் பிற்காலத்தில் போலச்செய்த பாணியில், ஒரு பெரிய அரண்மனை, இடிந்தது போலவே கட்டிய ஒரு கோட்டை, தொழுகை நடக்காத ஒரு மினார், கொஞ்ச தூரத்திலேயே ஐந்து பெரிய குளங்கள். பக்கத்து ஊரான வல்டிட்சேவையும் சேர்த்து, 200 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த இந்த நிலப்பரப்பை 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இந்த ஊரை ஆய்வுக்கு எடுத்ததற்கு அழகு காரணமல்ல. வெள்ளம் புகும் தாழ்நிலம் இது. மண்ணில் களியும் உப்பும் கலந்திருக்கின்றன. கோதுமை விதைத்துப் பிழைப்பவன் இப்படிப்பட்ட இடத்தைத் தேடி வரமாட்டான். அப்படியிருக்க, ஐரோப்பாவின் பெரும் பணக்காரக் குடும்பங்களில் ஒன்று ஏன் தலைமுறை தலைமுறையாக இங்கே பணத்தைக் கொட்டியது? அந்தக் குடும்பம் போன பிறகு இங்கே எது நின்றது, எது வேஷம் மாறியது? தண்ணீர் போகும் வழியைப் பிடித்துக்கொண்டே போனால் இரண்டுக்கும் பதில் கிடைக்கிறது என்பது என் கணிப்பு.

குளம் என்ற தொழில்

செக் மொழியில் குளத்துக்கு "ரிப்னீக்" என்று பெயர். மீனுக்கான சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஆக, அந்த ஊர்க்காரர்களுக்குக் குளம் என்றாலே மீன் வளர்க்கும் இடம். குளிப்பதும் படகு விடுவதும் பிற்பாடு வந்தவை.

லெட்னிட்சே குளங்கள் 15ஆம் நூற்றாண்டிலேயே பேர்சொல்லத் தொடங்கியவை. மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஒரு சிற்றோடையின் குறுக்கே மண்கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். முதலில் நெசித், அடுத்து ஹ்லோஹொவெட்ஸ் குளம், பிறகு நடுக்குளம், கடைசியில் ஆலைக்குளம். மேல்குளத்து மதகைத் திறந்தால் தண்ணீர் கீழ்க்குளத்துக்குப் போகும். ஐந்தாவதான அரண்மனைக் குளம் இந்த வரிசையில் வராது. அது ஆற்றுத் தண்ணீரில் நிறைவது, அதன் கதையே வேறு. நெசித் சுமார் 300 ஹெக்டேர், செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவிலேயே பெரிய குளம். அந்தப் பெயருக்கு "எவ்வளவு கொடுத்தாலும் போதாதவன்" என்று பொருள். எவ்வளவு தண்ணீர் விட்டும் நிறையாத குளத்தைப் பார்த்து எரிச்சலில் யாரோ வைத்த பெயர் போலத்தான் இருக்கிறது.

உழவனுக்கு ஆகாத மண் கெண்டை மீனுக்கு ஆகும். ஆழம் குறைவு என்பதால் தண்ணீர் சீக்கிரம் சூடாகும், வண்டலில் தீனிக்குக் குறைவில்லை. கடல் வெகு தூரம். கத்தோலிக்க வழக்கப்படி வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் இறைச்சி கூடாது, மீனுக்குத் தடையில்லை. ஊர் முழுக்க மீன் கேட்கும் நாட்கள் ஆண்டில் இத்தனை இருக்கும்போது, சதுப்பு நிலம் வைத்திருந்த பிரபுவுக்கு அதுவே பணம் காய்க்கும் மரமானது.

அறுவடை இலையுதிர் காலத்தில். செக்காரர்கள் இதை "வீலோவ்" என்கிறார்கள். மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறார்கள், ஒரே மூச்சில் திறந்தால் மீனும் போய்விடும், கரையும் தாங்காது. பெரிய குளம் வடிய வாரக்கணக்கில் ஆகும். தண்ணீர் இறங்க இறங்க, மதகை ஒட்டிய பள்ளத்தில் மீன்கள் மொத்தமும் நெருக்கியடித்து வந்து சேரும். விடியும் முன்பே, மார்புவரை ஏறிய ரப்பர் கால்சட்டையோடு ஆட்கள் சேற்றில் இறங்கி வலையை இழுப்பார்கள். வலை குறுகக் குறுகத் தண்ணீர் கொதிப்பது போலத் துள்ளும். கரையில் மேஜை போட்டுத் தரம் பிரிப்பார்கள்: பெரியவை தொட்டிக்கு, சின்னவை வளர்வதற்காக வேறு குளத்துக்கு. விற்கும் அளவுக்கு ஒரு கெண்டை வளர மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். அதனால் ஒரு குளம் மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் தொழிலைச் செய்ய முடியாது, சங்கிலி வேண்டும்.

டிசம்பரில் அந்த மீன்கள் நகரத் தெருக்களில் தொட்டிகளில் நீந்தும். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு செக் வீடுகளில் கெண்டை வறுவலும் உருளைக்கிழங்கு சாலடும்தான் சாப்பாடு. உயிரோடு வாங்கி வந்த மீனைக் குளியல் தொட்டியில் இரண்டு நாள் வைத்திருந்து, பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்த பிறகு வெட்ட மனம் வராமல் திண்டாடிய கதை இல்லாத குடும்பம் குறைவு. செதில் ஒன்றைப் பணப்பையில் வைத்தால் காசு தங்கும் என்பது நம்பிக்கை.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் செக் நாடெங்கும் ஏராளமான குளங்களை வடித்து வயலாக்கிவிட்டார்கள். கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கத் தொடங்கியதும் நிலத்தின் விலை ஏறிப்போனது. இங்கே மட்டும் இந்தச் சங்கிலி அறுபடவில்லை. முதலாளிக்கு அதற்குள் குளத்தில் வேறு ஒரு பயன் தெரிந்துவிட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல முதலாளியைத் தெரிய வேண்டும்.

தங்கள் நாட்டுக்கே போகாத இளவரசர்கள்

13ஆம் நூற்றாண்டில் லெட்னிட்சே லீக்டென்ஸ்டைன் குடும்பத்தின் கைக்கு வந்தது, 1945 வரை அவர்களிடமே இருந்தது. இன்று சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில் இருக்கும் குட்டி நாட்டின் பெயரும் அதுவே. நாட்டிலிருந்து குடும்பத்துக்குப் பெயர் வந்ததாகத்தான் பலரும் நினைப்பார்கள். உண்மை நேர்மாறு: வியன்னாவுக்குத் தெற்கே உள்ள ஒரு கோட்டையின் பெயரைக் குடும்பம் சூடிக்கொண்டது, குடும்பம் வாங்கிய நிலத்துக்கு 1719இல் அந்தப் பெயர் போனது. புனித ரோமப் பேரரசின் சபையில் இடம் பிடிக்கச் சொந்தமாக ஒரு சிற்றரசு தேவைப்பட்டது, வாங்கினார்கள். அவ்வளவுதான் அந்த நாட்டோடு அவர்களுக்கு இருந்த ஒட்டுறவு. ஆட்சியில் இருந்த இளவரசர் ஒருவர் அங்கே முதன்முதலாகக் கால்வைத்தது 1842இல்! குடியிருக்கவே போனது 1938இல். அதுவரை அவர்களுக்கு வீடு என்றால் வியன்னாவும், வல்டிட்சேவும், கோடைக்கு லெட்னிட்சேவும்தான்.

குடும்பம் கொழுத்த விதமும் கவனிக்க வேண்டியது. முதலாம் கார்ல் 1599இல் கத்தோலிக்கரானார், 1608இல் இளவரசர் பட்டம் வாங்கினார். செக் பிரபுக்களின் கிளர்ச்சி தோற்ற பிறகு, 1621 ஜூன் 21 அன்று பிராக் நகரச் சதுக்கத்தில் 27 பேரின் தலையும் கழுத்தும் போனபோது, பேரரசர் சார்பில் அதை நடத்தி வைத்தவர் இவர்தான். பறிமுதலான நிலங்களில் பெரும்பங்கு இந்தக் குடும்பத்துக்குச் சேர்ந்தது. செக் மக்களின் மனதில் இது இன்றுவரை ஆறாத வடு. 1945இல் நடந்ததைப் படிக்கும்போது இந்த 1621ஐ ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கார்லின் மகன் கார்ல் ஆய்செபியுஸ் கட்டடப் பைத்தியம். கட்டடக் கலை பற்றித் தன் மகனுக்காகவே எழுதிவைத்தார். பணம் என்பது அழகான நினைவுச்சின்னங்களை விட்டுப்போவதற்குத்தான் என்பது அவருடைய கொள்கை. மகன் கேட்டு நடந்தார். வியன்னாவின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிஷர் ஃபொன் எர்லாக்கை வைத்து லெட்னிட்சேயில் குதிரைகளுக்கு ஒரு லாயம் கட்டினார். லாயம் என்று சொன்னால்தான் தெரியும், பார்த்தால் அரண்மனை.

பள்ளத்து மண் மேட்டுக்கு

இப்போது 1790-ஐ ஒட்டிய காலம். ஆங்கில பாணிப் பூங்கா ஐரோப்பா முழுக்க மோகமாகிவிட்டது: நேர்கோட்டுப் பாத்திகள் போய், இயற்கையாய் வளர்ந்தது போன்ற மரத்தொகுதிகள், தூரத்தில் ஒரு கோயில், ஓர் இடிபாடு. லெட்னிட்சே அரண்மனைக்குப் பின்னால் பூங்கா போடலாம் என்றால் ஆண்டுதோறும் டியே ஆறு உள்ளே வந்துவிடுகிறது.

19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எடுத்த முடிவு எளிமையானது, ஆனால் ஆள்பலம் தின்றது. பள்ளத்தை இன்னும் பள்ளமாக்கு, அந்த மண்ணை எடுத்து மேட்டை இன்னும் மேடாக்கு. அப்படித் தோண்டிய பள்ளம்தான் அரண்மனைக் குளம். தோண்டாமல் விட்டதும் கொட்டிச் சேர்த்ததும் சுமார் 15 தீவுகளாயின. எஞ்சிய மண் பூங்காவின் தரைமட்டத்தை உயர்த்தியது. எல்லாம் மண்வெட்டியும் வண்டியும்தான், இயந்திரம் கிடையாது. இன்று அந்தத் தீவுகளில் நாரைகளும் இராக்கொக்குகளும் கூடு கட்டுகின்றன. ஆதி முதலே அப்படி இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள்.

குளத்தின் அந்தக் கோடியில் நிற்கிறது மினார். 1797 முதல் 1804 வரை கட்டியது, உயரம் சுமார் 60 மீட்டர், படிகள் 302. சதுப்பு நிலம் என்பதால் அடியில் மரத்தூண்களை இறக்கி, அவற்றின் மேல் அடித்தளம் போட்டார்கள். சுவர்களில் அரபு எழுத்து. ஊரில் சொல்லும் கதை இது: முதலாம் அலோய்ஸ் இளவரசர் ஊருக்குப் புது தேவாலயம் கட்டித்தர முன்வந்தார், ஊரார் எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது என்று ஓயாமல் குறை சொன்னார்கள், அவர் கோபத்தில் மசூதி கட்டிவிட்டார். கதை சுவையானது, நம்பத்தான் முடியவில்லை. கீழைநாட்டுப் பாணிக் கட்டடங்கள் அன்றைய பூங்காக்களில் சர்வ சாதாரணம். தட்டையான நிலத்தில், தான் செய்ததை மேலிருந்து பார்க்க ஒரு கோபுரம் வேண்டியிருந்தது. அந்தக் கோபுரத்துக்கு அன்றைய ஃபேஷன் ஒரு சட்டை மாட்டிவிட்டது. ஆனாலும் அந்தக் கதையை நான் முழுதாக ஒதுக்கமாட்டேன். முதலாளி கோபித்துக்கொண்டால் என்ன வேண்டுமானாலும் கட்டுவார், நம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஊர் நினைத்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

மினாரை வடிவமைத்தவர் யோசெஃப் ஹார்ட்மூட். இவரைத் தெரியாவிட்டாலும் இவர் பொருள் நம் கையில் இருந்திருக்கும். களிமண்ணையும் கிராஃபைட் தூளையும் கலந்து சுட்டுப் பென்சில் முனை செய்த ஹார்ட்மூட் இவர்தான். 1790இல் இவர் தொடங்கிய நிறுவனம், நூறாண்டு கழித்துத் தன் உயர்ரகப் பென்சிலுக்குக் கோஹினூர் வைரத்தின் பெயரைச் சூட்டியது.

அதே ஹார்ட்மூட்தான் ஆற்றுப் பக்கம் "யானூவ் ஹ்ராட்" கட்டினார். செக் மொழியில் கோட்டைக்கு "ஹ்ராட்", அரண்மனைக்கு "ஸாமெக்" என்று இரண்டு தனிச்சொற்கள் உண்டு. மதிலும் காவலும் போருமாக இருந்தது ஹ்ராட், வசதியாக வாழ்வது ஸாமெக். யானூவ் ஹ்ராட் பெயரில்தான் கோட்டை. ஒரு நாள்கூட யாரும் அதை முற்றுகையிட்டதில்லை. இடைக்காலத்தில் கட்டி இடிந்தது போலத் தோன்ற வேண்டும் என்று, புதுச் சுவர்களைப் பாதி உயரத்தில் நிறுத்தி, விளிம்புகளைச் சிதைந்தாற்போல் விட்டார்கள். உள்ளே வேட்டை விருந்துக்கு வசதியான கூடங்கள். இதில் ஒரு வேடிக்கை: இருநூறு ஆண்டுகளில் அந்தப் பொய் இடிபாடு நிஜமாகவே பழுதாகிவிட்டது. செப்பனிடுபவர்கள் எந்த விரிசல் கட்டும்போதே வைத்தது, எது தானாக வந்தது என்று பிரித்துப் பார்த்து, இரண்டாவதை மட்டும் அடைக்க வேண்டும்.

இது எழுந்தது முதலாம் யோஹன் காலத்தில். ஆஸ்டர்லிட்ஸ் போரில் ஆஸ்திரியக் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கி, தோற்ற பிறகு 1805 டிசம்பரில் நெப்போலியனோடு சமாதானம் பேசியவர் இவரே. நிஜப் போரைப் பார்த்தவருக்குப் பொய்க்கோட்டை. அவர் காலத்தில் மீன்குளங்களின் கரைகளிலும் கட்டடங்கள் முளைத்தன: நடுக்குளத்தைப் பார்த்தபடி குளத்து மாளிகை, ஆலைக்குளத்துக்கு மேலே அப்போலோ கோயில், கொஞ்சம் தள்ளி மூன்று தேவதைகள் கோயில், ஹ்லோஹொவெட்ஸ் குளத்தின் எதிரே எல்லை மாளிகை. முன்பு நான் சொல்லாமல் நிறுத்திய காரணம் இதுதான். இந்தக் கட்டடங்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் தண்ணீர் விரிந்திருக்க வேண்டும். கெண்டை வளர்த்த குளம் கண்ணாடியாகவும் வேலை செய்தது. மற்ற இடங்களில் சர்க்கரைக்கிழங்குக்குப் பலியான குளங்கள் இங்கே காட்சிக்காகப் பிழைத்தன.

எல்லை மாளிகையை மட்டும் தனியே சொல்ல வேண்டும். 1820களில் கட்டியது. மொராவியாவுக்கும் கீழ் ஆஸ்திரியாவுக்கும் இடையிலான எல்லைக்கோடு சரியாக அதன் குறுக்கே ஓடியது. அதைச் சுவரில் ஜெர்மனில் பொறித்தும் வைத்தார்கள். முதல் உலகப் போர் முடிந்து, 1920இல் வல்டிட்சே செக்கோஸ்லோவாக்கியாவோடு சேர்ந்தபோது எல்லை தெற்கே நகர்ந்துவிட்டது. கட்டடம் மட்டும் இல்லாத எல்லைக்குக் காவல் நிற்கிறது.

கண்ணாடியும் ஓக் மரமும்

இன்று சுற்றுலாப் படங்களில் வரும் அரண்மனை 1846க்கும் 1858க்கும் இடையே உருமாறியது. இரண்டாம் அலோய்ஸ், அதே 1842இல் சொந்த நாட்டை எட்டிப்பார்த்தவர், இங்கிலாந்துக் கோட்டைகளைப் பார்த்து மயங்கி, பழைய பரோக் உடம்புக்கு நியோகோதிக் தோல் போர்த்தினார். ஒருவகையில் இதுவும் யானூவ் ஹ்ராட் போலத்தான், கொஞ்சம் விலை கூடியது. உள்ளே நூலகத்தில் ஆணியே அடிக்காமல் ஓக் மரத்தில் செதுக்கிய சுழற்படிக்கட்டு இருக்கிறது. அதன் முன்னால் மட்டும் என் கிண்டல் எடுபடாது.

அரண்மனையை ஒட்டி 92 மீட்டர் நீளத்தில் கண்ணாடியும் இரும்புமாக ஒரு தாவரக்கூடம், 1840களில் கட்டியது. அதன் இரும்புத் தூண்களை மூங்கில் வடிவில் வார்த்திருக்கிறார்கள். பூங்காவின் மரங்களில் பல வட அமெரிக்க இனங்கள். விதையும் கன்றும் கொண்டுவரக் கடல் கடந்து ஆளையே அனுப்பினார்கள். இந்தத் தோட்டக்கலை ஆர்வம் வீணாகவில்லை. 1895இல் ஊரில் தோட்டக்கலைப் பள்ளி வந்தது. 1912இல் இரண்டாம் யோஹன், மெண்டலின் பெயரில் பயிர் இனவிருத்தி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். மெண்டலின் மரபு விதிகளை 1900இல் மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான எரிக் ஃபொன் செர்மாக் அதற்கு வழிகாட்டினார். பட்டாணி வைத்து மெண்டல் ஆராய்ந்த பிர்னோ நகரமும் இதே மொராவியாதானே. பிர்னோவின் மெண்டல் பல்கலைக்கழகத்தினுடைய தோட்டக்கலைப் புலம் இன்றும் லெட்னிட்சேயில்தான் இயங்குகிறது.

1945, அப்புறம் வழக்குகள்

1938 மியூனிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு லெட்னிட்சே ஹிட்லரின் ஜெர்மனிக்குள் போனது. ஊரில் பெரும்பாலோர் ஜெர்மன் பேசியவர்கள். போர் முடிந்ததும் அவர்களை வெளியேற்றினார்கள், வேறு பகுதிகளிலிருந்து வந்தவர்கள் வீடுகளில் குடியேறினார்கள். இன்றைய ஊர்க்காரர்களில் பலருக்கு இந்த ஊர் மூன்று தலைமுறைப் பழக்கம்தான்.

இளவரசர் குடும்பம் கலைப்பொருள்களில் முக்கியமானவற்றை முன்னதாகவே லீக்டென்ஸ்டைன் தலைநகரான வாடூட்ஸுக்கு நகர்த்திவிட்டது. நிலத்தை நகர்த்த முடியாதே. ஜெர்மானியர் சொத்தைப் பறிமுதல் செய்யும் ஆணை லீக்டென்ஸ்டைன் குடும்பத்தின் மீதும் பாய்ந்தது. நாங்கள் ஜெர்மானியர் அல்ல, நடுநிலை நாட்டின் ஆட்சியாளர் என்ற வாதத்தை 1951இல் நீதிமன்றம் தள்ளியது. போன நிலம் சுமார் 1,600 சதுர கிலோமீட்டர், அவர்கள் ஆளும் நாட்டைப் போலப் பத்து மடங்கு.

வழக்கு அதோடு ஓயவில்லை. 1991இல் பிர்னோவிலிருந்து பீட்டர் ஃபான் லார் வரைந்த ஒரு சுண்ணாம்புக் காளவாய் ஓவியம் கொலோன் நகரக் கண்காட்சிக்குப் போனது. முன்பு குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த ஓவியம். ஜெர்மன் மண்ணில் வைத்து மடக்கிவிடலாம் என்று இளவரசர் வழக்குப் போட்டார். கொலோன் நீதிமன்றம், ஸ்ட்ராஸ்பர்க்கின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கடைசியில் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் வரை போனது. 2005 பிப்ரவரி 10 அன்று, எங்களுக்கு இதில் அதிகார வரம்பு இல்லை என்று சொல்லி ஹேக் நீதிமன்றம் கோப்பை மூடியது. செக் நாடும் லீக்டென்ஸ்டைனும் தூதரக உறவு கொண்டதே 2009இல்தான். அதற்குப் பிறகு இருதரப்பு வரலாற்றாசிரியர்கள் கூட்டுக்குழு அமைத்துப் பழைய கணக்கைப் பொறுமையாக அலசினார்கள். ஆனாலும் 2020இல் லீக்டென்ஸ்டைன் அரசு மறுபடி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் கண்ணில் படுகிறது: 1621இல் பறிமுதலால் வளர்ந்த சொத்து 1945இல் பறிமுதலால் போனது. இரண்டுக்கும் சாட்சியாகப் பெட்டி பெட்டியாய் ஆவணம் இருக்கிறது.

மறுபடி மதகுக்கு

கம்யூனிச ஆட்சியில் அரண்மனை அரசுடைமையாகி, சீட்டு வாங்கி உள்ளே போகும் இடமானது. தெற்கே ஆஸ்திரிய எல்லையில் முள்வேலி. குளங்களில் மட்டும் முதலாளி பெயர் மாறியதே தவிர வேலை மாறவில்லை. இலையுதிர் காலத்தில் மதகு திறந்தது, டிசம்பரில் கெண்டை நகரத்துக்குப் போனது. 1953இல் குளங்கள் இயற்கைக் காப்பகமாயின, 1990இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன.

தண்ணீரின் கணக்கையே மாற்றியது வேறொன்று. 1970களிலும் 80களிலும் டியே ஆற்றில், மேலே நோவே ம்லீனி என்ற இடத்தில், பெரிய நீர்த்தேக்கங்கள் கட்டினார்கள். வெள்ளம் நின்றது. எந்த வெள்ளத்துக்குப் பயந்து பூங்காவைத் தூக்கினார்களோ, அது இல்லாமல் போனதும் ஆற்றோரக் காடுகள் வாடத் தொடங்கின. கால்வாய் வழியாகக் காட்டுக்குச் செயற்கையாக வெள்ளம் விட வேண்டிய நிலை வந்தது.

குளங்களிலும் இழுபறிதான். மீன்காரருக்குக் கெண்டை நிறைய வேண்டும், தீவனம் போட வேண்டும். கெண்டை அடிமண்ணைக் கிளறும், தண்ணீர் கலங்கும், நீர்ச்செடி வளராது, வாத்துக் குஞ்சுக்குத் தீனி இருக்காது, கோடையில் பாசி பச்சைப் பெயின்ட் போல மிதக்கும். இதற்கு ஊரில் ஒரு பழைய வைத்தியம் உண்டு, "லெட்னியெனி" என்பார்கள்: கோடையில் குளத்தை வேண்டுமென்றே வடித்துக் காயப்போடுவது. நெசித்திலும் இதைச் செய்திருக்கிறார்கள். தண்ணீர் போனதும் அடிச்சேறு வெடித்து, வெள்ளையாய் உப்புப் பூக்கும். சேற்றில் ஆண்டுக்கணக்கில் உறங்கிய விதைகள் முளைத்து, உப்பு மண்ணில் மட்டும் வளரும் சிறு செடிகள் தரையை மூடும். உள்ளான் பறவைகள் வந்து சேற்றைக் குத்திக் குத்தித் தின்னும். அந்த ஆண்டு அந்தக் குளத்தில் கெண்டை கிடையாது, அந்த நட்டம் யார் தலையில் என்று பேச்சு நடக்கும். பிறகு மதகை மூடுவார்கள். நெசித் மறுபடி குடிக்கத் தொடங்கும்.